ஒரு மைக், மூன்று அழகர்சாமி

மைக் செட் தொழிலில் ஆம்ப்ளிஃபயர் புகைந்தால் அரை மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால், அதைத் துரத்திப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர இன்னும் வண்டி கண்டுபிடிக்கவில்லை.

இந்தக் கஷ்டம் உங்களுக்கும் புதிதல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போயிருப்பீர்கள். அங்கே உங்களுக்கு முன்னால் அதே பெயரில் இன்னொருவர் சட்டையைக் கழற்றி ஊசிக்குத் தயாராக நின்றிருப்பார். உங்களைப் போன்றவர்கள் ஒரு நாள் பட்ட பாட்டை நான் தினமும் பட்டேன். கூப்பிடுகிற இடத்தில் நான்தான் இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பிழைக்க வந்த இடம் லிட்டில் அந்தமான் தீவில் ஹட் பே. போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் ஏறினால் பகல் பொழுது முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்து சேரலாம். தீவில் உருப்படியான ரோடு ஒன்றுதான். ரோட்டோரக் கிராமங்களுக்கு நல்ல நல்ல பெயர் இருந்தாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆறு கிலோமீட்டர், பதினொண்ணு கிலோமீட்டர், பதினாறு கிலோமீட்டர், அவ்வளவுதான். அந்த ரோடு முழுமைக்கும் நான் ஒருத்தன்தான் மைக் செட். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பழைய ஜீப். கப்பல் வரும், கப்பல் வராது, கல்யாணம், சாவு, பங்குனி உத்திரம், வாலிபால் போட்டி, எதுவானாலும் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். முதலில் தமிழில் சொல்வேன், பிறகு ஹிந்தியில். கடைசியாக எனக்குத் தெரிந்த பெங்காலியில் சொல்வேன். அதைக் கேட்கவே பெங்காலிகள் வாசலுக்கு வருவார்கள், சிரிப்பதற்கு.

எனக்கு வாய்த்த சோதனை அழகர்சாமி என்ற பெயர். ஹட் பேயில் பேர் சொல்லும்படி வாழ்ந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் மூன்று காலத்து ஆட்கள். மூன்று பேர் பெயரும் அழகர்சாமி.

முதலாமவர் பழைய அழகர்சாமி. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களோடு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்ட வேலைக்கு முதல் கப்பலில் வந்து இறங்கியவர். ஆறாவது கிலோமீட்டரில் குறுக்கே ஓடும் ஓடையில் மழைக்காலத்தில் ஆள் இறங்க முடியாது. இவர்தான் இரண்டு பெரிய மரங்களை வெட்டிச் சாய்த்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பாலம் போட்டார். காய்ச்சல்காரர்களை முதுகில் சுமந்து அந்தப் பாலத்தைத் தாண்டி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோவாராம். நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பெங்காலிகளும் தெலுங்கர்களும்கூட அந்தப் பாலத்தை அழகர்சாமி புல் என்றுதான் சொல்வார்கள். புல் என்றால் ஹிந்தியில் பாலம். நான் வந்த புதிதில் அது ஏதோ மாட்டுத் தீவனம் என்று நினைத்தேன்.

இரண்டாமவர் வாலிபால் அழகர்சாமி. ஆறடிக்கு மேல் உயரம். இளமையில் தீவு அணிக்காக மெயின்லேண்ட் போய் விளையாடிக் கோப்பையோடு வந்தவர். மூன்றாமவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய அம்மாவைப் பிரசவ வலியோடு தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது பழைய அழகர்சாமி. அந்த நன்றிக்குத்தான் பிள்ளைக்கு அந்தப் பெயர். பின்னாளில் இவர் பிரதான் ஆனார், அதாவது எங்கள் பஞ்சாயத்துத் தலைவர்.

நன்றி பாராட்டிய அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஸ்வாமிஜி வருகிறார்

சுனாமிக்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். டின் ஷெல்டர்களில் குடியிருந்த பையன்கள் பொழுது போகாமல் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று பதினாறாவது கிலோமீட்டர் பெங்காலிகள் ஒரு வாலிபால் போட்டி வைத்தார்கள். பரிசு கொடுக்க வாலிபால் அழகர்சாமியைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் நான் ஜீப்பில் போய் ஹிந்தியில் அறிவித்தேன். அழகர்சாமி என்று ஒரே மூச்சில் சொன்னால் அவர்களுக்குப் பிடிபடாது என்று, பிரித்துப் பிரித்து மரியாதையாகச் சொன்னேன்: "கல் ஷாம் சார் பஜே, ஸ்ரீ அழகர் ஸ்வாமிஜி பதார் ரஹே ஹை." நாளை மாலை நாலு மணிக்கு வருகை தருகிறார் என்று அர்த்தம். அழகர் அவர்கள் காதில் விழவில்லை. ஸ்வாமிஜி விழுந்துவிட்டார்.

மறுநாள் நாங்கள் போய் இறங்கினால் மைதானத்து வாசலில் பெண்கள் கூட்டம். சங்கு ஊதுகிறார்கள், குலவை போடுகிறார்கள். தாம்பாளத்தில் விளக்கு, செம்பில் தண்ணீர். ஜீப்பிலிருந்து டிராக் பேண்ட்டும் கழுத்தில் விசிலுமாக வாலிபால் அழகர்சாமி குதித்தார். சங்கு ஒரு நொடி நின்றது. பிறகு, வந்ததே வந்தாயிற்று என்று மறுபடி ஊத ஆரம்பித்தார்கள். அவருடைய கேன்வாஸ் ஷூவைக் கழற்றிக் காலைக் கழுவினார்கள். காலுறையில் கட்டை விரல் பக்கம் ஓட்டை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தேன். ஒரு அம்மா தன் மகளை முன்னால் தள்ளி ஆசீர்வாதம் கேட்டாள். மனுஷன் அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, தனக்குத் தெரிந்த ஒரே ஆசீர்வாதத்தைச் சொன்னார்: "அச்சா கேலோ." நன்றாக விளையாடு.

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. வலை தொய்ந்து கிடப்பது கண்ணில் பட்டுவிட்டது. ஈரக் காலோடு போய்க் கம்பத்தைப் பிடித்து வலையை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். செம்பு வைத்திருந்த கிழவி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "எத்தனையோ சாமியாருங்க வந்து போயிருக்காங்க, பேட்டா. வந்த உடனே ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்யுற சாமியாரை இப்பதான் பார்க்குறேன்."

குடையும் மேசை விளக்கும்

அதற்குப் பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. இளைய அழகர்சாமி பிரதான் பதவிக்கு நின்றார். அவருக்கு எதிராக நின்ற பஜார் கடைக்காரர் ஒரு யோசனை செய்தார். அதே பெயரில் இன்னொரு ஆளை நிறுத்திவிட்டால் ஓட்டு இரண்டாகப் பிளக்கும் அல்லவா? நேரே வாலிபால் அழகர்சாமியிடம் போய், "ஊருக்கே உங்க மேல மரியாதை, நீங்க நிக்காம யார் நிக்கிறது?" என்று ஏற்றிவிட்டார். யாராவது மரியாதை என்று சொன்னால் வாலிபாலுக்கு மறுத்துப் பேச வராது. நின்றுவிட்டார். இளையவருக்குச் சின்னம் குடை. வாலிபாலுக்கு மேசை விளக்கு.

ஊரில் இருப்பது ஒரே மைக் செட். காலையில் குடைக்குப் போவேன். மாலையில் அதே ஜீப்பில் விளக்குக்குப் போவேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பதினொண்ணாம் கிலோமீட்டரில், தொண்டை கட்டிப்போன களைப்பில், "அழகர்சாமியைத் தோற்கடித்து அழகர்சாமியை வெற்றி பெறச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ரோட்டோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலிபால் அழகர்சாமி மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகப் பேசினார். "எனக்கு வயசாயிருச்சு. ஓடியாடிச் செய்ய வேண்டிய வேலை இது. சின்னவன் ஓடுவான். இந்த விளக்கை அணைச்சுட்டு எல்லாரும் குடைக்குப் போட்டுருங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "வண்டியைத் திருப்பு" என்றார்.

வாபஸ் வாங்கும் தேதி முடிந்துவிட்டதால் ஓட்டுச் சீட்டில் இரண்டு அழகர்சாமியும் இருந்தார்கள். விளக்குக்குப் பதினோரு ஓட்டு விழுந்தது, குடை ஜெயித்தது. நான் கப்பல் அணைகிற ஜெட்டிப் பக்கம், "அழகர்சாமி வெற்றி" என்று கத்திக்கொண்டு போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தெலுங்கு மீனவரிடம், எந்த அழகர்சாமி என்று கேட்பாரே என நானே ஜீப்பை நிறுத்தி விளக்கப் போனேன். அவர் கையமர்த்தினார். "எனக்கு அதெல்லாம் தெரியாது. வருஷத்துல எட்டு மாசம் மழை பெய்யுற ஊரு. நான் குடைக்குப் போட்டேன். அந்த ஆளு பேரு என்னவா இருந்தா எனக்கென்ன?"

ரிப்பன் வெட்டியவர்

சுனாமி எங்கள் பாலங்களை அள்ளிக்கொண்டு போனபோது பழைய அழகர்சாமியின் மரப் பாலமும் போயிற்று. சில வருஷம் கழித்து அதே இடத்தில் கான்கிரீட் பாலம் வந்தது. ஊரே கூடி, பெயரை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. அழகர்சாமி பாலம் என்றே பலகையில் பெயிண்டால் எழுதினார்கள். திறந்து வைப்பது பிரதான். விழாவுக்கு முந்தின நாள் பிரதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நானே எனக்குப் பாலம் கட்டிக்கிட்டேன்னு நெனைச்சுருவாங்க. பழைய அழகர்சாமின்னு தெளிவாச் சொல்லுங்க."

தெளிவாகத்தான் சொன்னேன். "பழைய அழகர்சாமி பாலத்தைப் புதிய அழகர்சாமி திறந்து வைக்கிறார்." தமிழில் பாதிப் பேருக்குப் புரிந்தது. ஹிந்தியில் புரானா அழகர்சாமி புல் என்றதும், போர்ட் பிளேயரிலிருந்து அதற்கென்றே கப்பலேறி வந்திருந்த அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். புதுப் பாலம் என்று சொல்லிக் கூட்டி வந்து பழைய பாலத்தைக் காட்டுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். நான் மேடையிலிருந்து இறங்கிப் போய், பாலம் புதியது, அழகர்சாமிதான் பழையவர் என்று விளக்கினேன். அவர் பலகையைப் பார்த்தார். "உயிரோட இருக்கிறவங்க பேரைப் பாலத்துக்கு வைக்கிற வழக்கம் கிடையாதே" என்றார். "அவர் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு சார்" என்றேன்.

அதே நேரம் மேடையில் இன்னொருவர் மைக்கைப் பிடித்து, "இப்போது அழகர்சாமி அவர்கள் ரிப்பன் வெட்டுவார்" என்றார். பிரதான் கத்தரிக்கோலோடு நடந்து வந்தார். அதிகாரி அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "செத்து ரொம்ப வருஷம் ஆச்சுன்னா, கத்தரியோட வர்றது யாரு?"

அச்சகத்தார் செய்த உதவி

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மேட்டரை எழுதிக் கப்பலில் போர்ட் பிளேயர் அச்சகத்துக்கு அனுப்பினேன். தலைமை அழகர்சாமி. விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கி வைப்பவர் அழகர்சாமி. அன்னதானம், மறைந்த அழகர்சாமி நினைவாக. கடல் கொந்தளிப்பில் கப்பல் தாமதமாகி, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கட்டு வந்து சேர்ந்தது. பிரித்தால் ஒரே ஒரு அழகர்சாமி இருக்கிறார், அதுவும் மறைந்தவர். தலைமைக்கும் போட்டிக்கும் ஆளே இல்லை.

போனில் அச்சகக்காரரைப் பிடித்தேன். அவர் மதுரைக்காரர், நிதானமானவர். என்னைக் கத்தவிட்டு முடிந்ததும் சொன்னார்: "ஒரே ஆளை மூணு வாட்டி போட்டிருந்தீங்க. அதுலயும் ஒரு எடத்துல செத்துட்டார்னு போட்டிருந்தீங்க. செத்த மனுஷனுக்கு எதுக்குங்க இத்தனை வேலைன்னு நான்தான் ரெண்டை எடுத்துவிட்டேன்."

ஆழ்ந்த இரங்கல்

பாலத்தில் பாதி கொன்ற பிரதானை நான் முழுசாகக் கொன்றது ஒரு சனிக்கிழமை. அது என் தப்புதான், ஒளிக்கவில்லை. தெற்கே இன்னொரு தீவில், கேம்பல் பேயில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுக் குடியேறிய ஹவில்தார் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் அழகர்சாமி என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவர் இறந்துபோனார். அவருடைய தங்கை வீடு எங்கள் ஊரில், பிரதான் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. தங்கை புருஷன் எழுதிக் கொடுத்த தாளை இரண்டாக மடித்து ஜீப் கண்ணாடியில் செருகியிருந்தேன். கேம்பல் பேயும் ஹவில்தாரும் மடிப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். துக்கம் விசாரிக்க வர வேண்டிய தெரு, அதாவது பிரதான் தெரு, மட்டும் இந்தப் பக்கம் நின்றது. "அழகர்சாமி அவர்கள் இன்று அதிகாலை காலமானார்" என்று ஆறு கிலோமீட்டரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் வரை மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டு போனேன்.

பிரதான் அப்போது வீட்டுப் பின்பக்கம் தகர மறைப்புக்குள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆள் சேரும் சத்தம் கேட்டது. ஏதோ மனு கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். காதைக் கொடுத்தால் எல்லாம் இறந்த காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பையனா இருந்தான் என்றார் ஒருவர். கோபமே வராது என்றார் இன்னொருவர். ஒரு பெங்காலி வாத்தியார், மகள் நிச்சயத்துக்கென்று போர்ட் பிளேயரிலிருந்து வரவழைத்து வைத்திருந்த சம்பங்கி மாலையையே கொண்டுவந்துவிட்டார். எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு குரல், "பதினொண்ணாம் கிலோமீட்டர் குழாய்க்குத் தண்ணி விடுறேன் விடுறேன்னு சொல்லியே போயிட்டான்" என்றது. அதற்கு நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

பிரதானால் அதைத் தாங்க முடியவில்லை. இடுப்பில் துண்டும் தலையில் வழிகிற எண்ணெயுமாக வாசலுக்கு வந்து, "எந்தக் குழாய்?" என்று கேட்டார். கூட்டம் பின்வாங்கியது. வாத்தியார் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். விஷயம் தெரிந்ததும் முதலில் சிரித்தவர் பிரதான்தான். அந்த வாரமே பதினொண்ணாம் கிலோமீட்டரில் தண்ணீர் வந்தது. நான் மூன்று நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்து, நாலாம் நாள் போய் எதிரே நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு வாட்டி என்னைக் கொல்றதா இருந்தா எலெக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி கொல்லுங்கண்ணே. ஓட்டாவது கூட விழும்."

பட்டியலில் ஒரு பெயர்

எல்லாவற்றுக்கும் முதலில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். இதை முதலில் சொல்லியிருந்தால் மற்றதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வந்திருக்காது.

கடல் ஊருக்குள் வந்த அன்று நான் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முந்தின நாள் கிறிஸ்துமஸ் விழாவுக்குக் கட்டிய மைக்கை அவிழ்க்கச் சோம்பல்பட்டு அங்கேயே படுத்துவிட்டேன். பஜாரில் நான் வாடகைக்கு இருந்த அறை போய்விட்டது. நானும் மைக்கும் பிழைத்தோம். கரையிலிருந்து ஓடி வந்தவர்களெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கூடினார்கள். கடலில் மிதந்தவர்களைப் படகுகள் பிடித்திழுத்துக் கப்பலில் ஏற்றி நேரே போர்ட் பிளேயர் முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். யார் அங்கே, யார் எங்கேயும் இல்லை என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் நாள் போலீஸ் வயர்லெஸ்ஸில் அந்த முகாமில் இருந்தவர்களின் பெயர்கள் கொஞ்சம் வந்தன. ஒரு காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்தார்கள். ஒரு டிராக்டர் பேட்டரியில் ஆம்ப்ளிஃபயரை மாட்டி நான் படித்தேன். படிக்கப் படிக்க ஒவ்வொரு பெயருக்கும் எங்கேயாவது ஒருவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அது சந்தோஷத்தில் வந்த அழுகை. தங்கள் ஆள் பெயர் வராதவர்கள் அசையாமல் நின்றார்கள்.

நடுவில் வந்தது அது. "அழகர்சாமி, ஆண், ஹட் பே." வயது இல்லை, அப்பா பெயர் இல்லை. கூட்டத்தில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருத்தி பாக்கியம், வாலிபால் அழகர்சாமியின் மனைவி. அவர் கடல் வந்த அன்று காலையில் ஜெட்டிக்குப் போனவர். இன்னொருத்தி செல்வி, அப்போது இன்னும் பிரதான் ஆகாத இளைய அழகர்சாமியின் மனைவி. அவர் அன்று அதிகாலையில் சைக்கிளில் வடக்கே மர வேலைக்குப் போனவர். இரண்டு பேரும் என் முன்னால் வந்து நின்றார்கள். எந்த அழகர்சாமி என்று கேட்கவில்லை. என் வாயையே பார்த்தார்கள். என் கையில் இருந்த காகிதத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

விசாரித்துச் சொல்ல ஒரு நாள் ஆகும் என்றார் வயர்லெஸ் போலீஸ்காரர். அந்த ஒரு நாளும் இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க வீட்டுக்காரராத்தான்க்கா இருக்கும், அவருக்கு நீச்சல் தெரியும்" என்பாள் செல்வி. "உன் புருஷனாத்தான் இருக்கும், சின்ன வயசு, தாக்குப்பிடிச்சிருப்பான்" என்பாள் பாக்கியம். யாராவது கஞ்சி கொடுத்தால் ஒருத்தி குடிக்கிறவரை மற்றவள் தொடமாட்டாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் பதில் வந்தது. உயரம் ஆறடிக்கு மேல், வலது முழங்காலில் பழைய ஆபரேஷன் தழும்பு. வாலிபால்தான். நான் அதை மைக்கில் சொல்லவில்லை. நடந்து போய்ச் சொன்னேன். பாக்கியம் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் போர்ட் பிளேயருக்குக் கப்பல் இருந்தது. ஏறச் சொன்னேன். "இவளை இப்படி உக்கார வச்சுட்டு அங்க போயி அவரு மூஞ்சியில நான் என்னத்த முழிக்கிறது?" என்றாள். கப்பல் அவள் இல்லாமல் போயிற்று.

செல்வி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "காகிதத்துல இல்லாட்டி என்னண்ணே. சும்மா பேரைக் கூப்பிடுங்களேன்." முகாமைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேட்டரி தீர்ந்துவிடும் என்றார், அவர் சொன்னதும் நியாயம். நான் அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு ஸ்பீக்கரை மட்டும் காட்டுப் பக்கம் திருப்பி வைத்து, "அழகர்சாமி... அழகர்சாமி..." என்று கூப்பிட்டேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெயரை மட்டும் சொன்னேன். அவரும் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போலப் போனார்.

அடுத்த நாள் மதியம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரங்களுக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். முழங்கால் வரை சேறு, ஒரு காலில் செருப்பு, சட்டை இல்லை. கரையோர ரோடு இல்லாமல் போனதால் காட்டுக்குள் இறங்கி, திசை தப்பி மூன்று நாள் சுற்றியிருக்கிறான். செல்வி ஓடவில்லை. எழுந்து நின்றவள் அப்படியே நின்றாள். பாக்கியம்தான் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு, முதுகில் ஒரு அடி வைத்து, இழுத்துக்கொண்டு வந்து செல்வி முன்னால் நிறுத்தினாள். அவன் தண்ணீர் குடித்தான், மனைவி தலையைத் தடவினான், அப்புறம் என்னிடம் வந்தான். தொண்டை போயிருந்ததால் அவன் பேசியது காற்றாகத்தான் வந்தது. "நேத்து ராத்திரி பேரு கேட்டுச்சுண்ணே. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். வெறும் அழகர்சாமி அழகர்சாமின்னா எந்த அழகர்சாமின்னு எனக்கு எப்படித் தெரியும்? சரி, நம்மளைத்தான்னு வச்சுக்கிட்டு வந்துட்டேன்."

இத்தனை வருஷம் மைக் பிடித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஒரே பெயரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அதைத் தப்பாகச் சொன்னதற்குத் திட்டு வாங்குகிறவன் எப்போதும் ஒரே ஆள்தான்.